டைமிங் செயின் சத்தம்

என் சகலைக்குக் காது நல்ல காது. இதை வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். தெருவில் ஒரு வண்டி தாண்டிப் போனால் போதும், பேரிங் போய்விட்டதா, வால்வு தட்டுகிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்புப் போட்டுக் கொடுக்கிற சர்வேயர் வேலை. எங்கள் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும், விற்றாலும், கீழே போட்டாலும் முதல் போன் அவருக்குத்தான். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். முறைக்குச் சகலையே தவிர, பழகின பழக்கத்தில் கூடப்பிறந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் காது அப்படியில்லை. நான் பல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செய்து கொடுக்கும் தொழில். உலோகத்தைக் கிரைண்டரில் பிடித்துத் தேய்க்கும்போது ஊசி மாதிரி ஒரு சத்தம் வரும். அந்த ஊசி இத்தனை வருடமும் என் காதில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி, அந்த இடமே செத்துப்போய்விட்டது. பேச்சு கேட்கும், லாரி கேட்கும், இடி கேட்கும். மெலிசான சத்தம், கீச்சென்ற சத்தம் எதுவும் கேட்காது. காலிங் பெல், கொசு, அலாரம் எல்லாம் எனக்கு ஊமை. வீட்டில் அதற்கெல்லாம் என் மனைவி இருக்கிறாள். "பெல் அடிக்குதுங்க" என்பாள், நான் எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். அவள் சொல்லி நான் திறந்த கதவுக்கு வெளியே ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. மற்றபடி என் காதைப் பற்றி வேறு யாராவது வாயைத் திறந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரும் என்பது ஊருக்கே தெரியும்.

மகன் படிக்க வெளியூர் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு டூரிங் பைக் வாங்கி, அவளைப் பின்னால் உட்காரவைத்து, கடலோரச் சாலையில் அது முடிகிற இடம்வரை போய்வர வேண்டும் என்று எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. இரட்டை சிலிண்டர் இன்ஜின், முன்னால் உயரமான கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின் சீட்டில் சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த மாடல். புதிது நம் கைக்கு எட்டாது. பழையதுதான். அவளிடம் சொன்னபோது சிரித்தாள். இரண்டாம் முறை சொன்னபோது பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "மாமா பாத்து சரின்னு சொல்ற வண்டியா இருந்தா வரேன்" என்றாள். அக்கா புருஷன் அவளுக்கு மாமா. நான் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே சகலைக்குப் போன் செய்தேன்.

இந்த மாடலுக்குப் பெயர்போன கோளாறுகள் மூன்று. பெட்டி மாட்டும் பின் சட்டத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் விடும். பேட்டரிக்குப் போகிற சார்ஜ் திடீரென்று நின்றுபோகும். இரண்டையும் நானே பார்த்துக்கொள்வேன். விரிசலைக் கண்டுபிடிக்க எனக்கு டார்ச் லைட்கூட வேண்டாம், விரல் நுனி போதும். பல்லின் விளிம்பில் காகிதக் கனம் தூக்கியிருந்தாலே கண்டுபிடிக்கிற விரல் இது. சார்ஜுக்கு மீட்டர் இருக்கிறது. மூன்றாவதுதான் என்னால் முடியாதது. இன்ஜினுக்குள் டைமிங் செயின் என்று ஒன்று ஓடும். அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் இந்த மாடலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். தளர்ந்தால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஒரு சத்தம் வரும், பிறகு ஆயில் ஏறி அடங்கிவிடும். சில்லறையை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்குமாம். இருக்குமாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒருநாள் செயின் நழுவி, நடுரோட்டில் இன்ஜின் சுக்குநூறாகும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் எனக்குச் சகலையின் காது வேண்டியிருந்தது.

முதல் வண்டி ஒரு வக்கீலுடையது. மனைவியும் வந்திருந்தாள். வக்கீல் தாராளமாகச் சாவியைக் கொடுக்க, அவளை ஏற்றிக்கொண்டு பெரிய ரோடு வரை ஒரு சுற்று போய்வந்தேன். இறங்கியதும் அவள் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய பிறகு சகலை கேட்டுவிட்டு, சத்தம் இருக்கிறது, வேண்டாம் என்றார். விட்டுவிட்டேன். இரண்டாவது ஒரு நீச்சல் பயிற்சியாளருடையது. அதற்கும் சத்தம் இருக்கிறது என்றார். அதையும் விட்டேன்.

மூன்றாவதைப் பார்த்தபோதே எனக்கு மனசு போய்விட்டது. வங்கியில் கேஷியராக இருக்கும் ஒரு அம்மாவின் வண்டி. முழங்காலில் ஆபரேஷன் ஆனதால், இனி இவ்வளவு கனத்தைக் காலூன்றிப் பிடிக்க முடியாது என்று விற்கிறார். ஷெட்டின் சிமெண்ட் தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இன்ஜினுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. நான் முதலில் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியது அது. சூடாக இருந்தால், நாம் வருவதற்குள் ஓட்டி வைத்து எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இது ஜில்லென்று இருந்தது. பின் சட்டத்தை வெல்டிங் வெல்டிங்காகத் தடவினேன், பழுதில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஹேண்டிலைத் திருப்பினேன், எங்கேயும் சிக்கவில்லை. பேட்டரியில் மீட்டரை மாட்டி வைத்தேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். எல்லா வண்டியையும் முதல் ஸ்டார்ட்டிலிருந்து வீடியோ எடுத்து வைப்பது என் பழக்கம். லேபில் ஒவ்வொரு வாயையும் படம் எடுத்து எடுத்து வந்த வியாதி அது.

சகலை இன்ஜின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கம்மா."

இன்ஜின் உயிர்பெற்றது. என் செருப்பு வழியாக அதன் நடுக்கம் காலுக்கு ஏறியது. எவ்வளவு சீரான நடுக்கம்! பேட்டரியில் மாட்டிய மீட்டரின் முள்ளும் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. என் கால் நல்ல வண்டி என்றது. சகலை கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

"டென்ஷனர் போச்சு சகல. கிலுகிலுங்குது."

"போன வருஷம்தானே சார் புதுசு போட்டேன்?" என்றார் கேஷியர் அம்மா.

"போட்டவன் சரியாப் போடலம்மா. வழியில எங்கயாவது விட்டுச்சுன்னா இவரும் இவரு சம்சாரமும் ரோட்டுலதான் கெடக்கணும்."

"எனக்கு அப்படி எதுவும் கேக்கலையே சார்."

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. திரும்பி வரும்போது சகலை, "தன் புள்ளைக்கு மாறுகண்ணுன்னா எந்த அம்மா சகல ஒத்துக்குவா?" என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் அந்த வண்டி மனதை விட்டு இறங்கவில்லை. டென்ஷனர்தானே, மாற்றிக்கொண்டால் போகிறது என்று தோன்றியது. லேபுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக் உண்டு. எல்லோரும் பிஸ்டன் என்று கூப்பிடுவார்கள், சொந்தப் பெயர் அவர் அம்மாவுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்க வீடியோவை எடுத்துக்கொண்டு போனேன். பிஸ்டன் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். திரும்பக் கேட்டார். ஒரு காதிலிருந்து கழற்றினார்.

"எந்தச் சத்தத்த சார் கேக்கச் சொல்றீங்க?"

"டைமிங் செயின் சத்தம். ஸ்டார்ட் ஆனதும் வருதாமே."

"இதுலயா? பால் மாதிரி ஓடுது சார். யாரு சொன்னா?"

அடுத்த வீடியோவைத் தேடியெடுத்துக் கொடுத்தேன், நீச்சல் பயிற்சியாளர் வண்டி. அதிலும் ஒன்றுமில்லை என்றார். கடைசியாக வக்கீலுடையதைக் கொடுத்தேன். பிஸ்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டு இயர்போனைப் பிடுங்கினார்.

"இது போச்சு சார். இத வாங்கிடாதீங்க."

ஆக, முதல் வண்டிக்குச் சகலை உண்மை சொல்லியிருக்கிறார். அடுத்த இரண்டுக்கும் நாக்கு கூசாமல் பச்சைப் பொய். பிஸ்டன் கடையிலிருந்து லேப் வரை நடந்து வந்ததே எனக்கு நினைவில்லை. உடம்பு அப்படிக் கொதித்தது. ஏதோ புரோக்கரோடு பேசிவைத்திருக்கிறார், வேறு வண்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறார், இல்லாவிட்டால் கேஷியர் அம்மா வண்டியைத் தானே அமுக்கப் பார்க்கிறார் என்று என்னென்னவோ நினைத்தேன். எதை நினைத்தாலும் ஒன்று மட்டும் தொண்டையில் நின்றது. வேறு எதைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தாலும் நான் பிடித்திருப்பேன். விரிசல் என்றிருந்தால் விரலால் பிடித்திருப்பேன், சார்ஜ் இல்லை என்றிருந்தால் மீட்டரால் பிடித்திருப்பேன். நான் தடுமாறுகிற ஒரே இடத்தைப் பார்த்து, அதே இடத்தில் கைவைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைத்தான் சாட்சியாக வைக்கப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த சாட்சி என்று அந்த மனிதர் பேசிவிடக் கூடாது. சாப்பிட்டு முடிந்து எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். நான் மகனுடைய குட்டி ஸ்பீக்கரை மேசைமேல் வைத்து, கேஷியர் அம்மா வண்டியை ஓடவிட்டேன். சகலை கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

நான் மனைவியிடம் கேட்டேன். "அந்த மூணாவது வண்டி இது. மாமா சொன்ன சத்தம் உனக்குக் கேக்குதா?"

அவள் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமாங்க. கேக்குது. கிலுகிலுன்னு."

எனக்கு ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை. பிஸ்டன்தான் ஏமாற்றிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். அவள் சொல்லிவிட்டாளே. அப்போது அவள் அக்கா ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

"எங்கடி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. திரும்பப் போடுங்க தம்பி." திரும்பப் போட்டேன். "நல்லாத்தானே ஓடுது. உனக்கு மட்டும் என்னடி தனியாக் கேக்குது?"

"போதும், நிறுத்துங்க சகல," என்றார் அவர்.

நான் நிறுத்தவில்லை. வீடியோ தானாக ஓடி முடிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சகலையுமாகச் சேர்ந்து எத்தனையோ பேரைக் கிண்டலடித்திருக்கிறோம். இந்த முறை காதில் பூச்சுற்றியது எனக்கு. அதுவும் சுற்றியவள் இவள்.  

"கமிஷன் எவ்வளவுன்னு உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன் சகல. இப்ப யாருகிட்ட கேக்கறது?"

"கமிஷனெல்லாம் இல்ல. அவ அழுதா. நான் என்ன பண்றது? வக்கீல் வண்டியப் பாத்துட்டு வந்த அன்னிக்கு எனக்குப் போன் பண்ணி அப்படி அழுதா."

மனைவி இப்போதும் அழுதாள், ஆனால் குரல் உடையவில்லை.

"அன்னிக்குப் பெரிய ரோட்டுல நமக்குப் பின்னாடி ஒரு வேன் கீச்சுக் கீச்சுன்னு ஹார்ன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு. நான் உங்க தோளத் தட்டறேன், தட்டறேன். நீங்க ஏதோ பாட்டுப் பாடிக்கிட்டுப் போறீங்க. அது என் முழங்கால ஒரசிக்கிட்டுப் போச்சுங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? உங்க காதப் பத்தி உங்ககிட்ட யாராவது பேச முடியுமா? போன வருஷம் ஒரு தடவ, ஒரே தடவ, காதுக்கு மெஷின் வாங்கிக்கலாமான்னு கேட்டேன். தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போனீங்க. ஒரு வாரம் பேசல. அதான் வண்டி மேல பழியப் போடச் சொன்னேன். வண்டிக்குக் கோவம் வராதுல்ல."

அக்கா மெல்ல எழுந்து தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சகலை, "உங்க நல்லதுக்குத்தான் சகல," என்று ஆரம்பித்தார். நான் வாசலைக் காட்டினேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அவரை அப்படி அனுப்பியது அன்றைக்குத்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்துப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவள் சொன்னது நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேன் உரசியது நிஜம், பயம் நிஜம், என் கோபமும் நிஜம். குடும்பமே சேர்ந்து என்னைச் சுற்றி வந்து பார்த்து, இந்த மாடலுக்குக் காது போகும், சொன்னால் சூடாகும் என்று கோளாறைக் குறித்து வைத்திருக்கிறார்கள். தப்பாகக் குறிக்கவில்லை. ஆனால் நியாயம் அவள் பக்கம் இருப்பதால் வலி குறைந்துவிடும் என்று யார் சொன்னது? இன்னும்தான் கூடுகிறது. கோபித்துக் கத்துவதற்குக்கூட இடமில்லாமல் போகிறது.

"கேக்குது" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அதே முகம், அதே குரல். பெல் அடிக்கிறது என்று சொல்லும்போது எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னாள். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

மறுநாள் லேபிலிருந்து கேஷியர் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, நான் வண்டிய வாங்கல. ஆனா உங்க வண்டியில ஒரு குறையும் இல்ல. அன்னிக்குச் சொன்னது தப்பு. அத நம்பி விலையக் குறைச்சுடாதீங்க."

"எனக்குத் தெரியும் சார்," என்றார் அவர். "தினமும் ஸ்டார்ட் பண்ணி நான்தானே கேக்கறேன்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டோம். மோசமான மரியாதை அது. ஒரு மாலை அவள் சமையலறையிலிருந்து, "டேங்க் நிரம்பி வழியுதுங்க, மோட்டார நிறுத்துங்க" என்றாள். சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வழிந்து மாடியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே வந்து மோட்டாரை நிறுத்தியபோது அவள் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு ஏறிப் போனேன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே, காது பரிசோதனைக்குப் போகிறேன், மெஷினுக்கு அளவு கொடுக்க வேண்டும் என்றேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"நானும் வரேங்க. உங்களுக்கு என்னென்ன கேக்கறதில்லன்னு நான்தானே சொல்லணும்?"

"வேண்டாம். அவங்களே சோதிச்சுப் பாப்பாங்க."

"சரி, சரி. நீங்களே போயிட்டு வாங்க." என் காலரைச் சரிசெய்தாள். "மெஷின் வந்துட்டா எனக்குப் பயமில்லைங்க. நிஜமாவே வரேன். அந்தக் கேஷியர் அம்மா வண்டியவே பேசி முடிச்சுடுங்க."

"வண்டி வாங்கப் போறதில்ல."

"அப்புறம் மெஷின் எதுக்கு?"

"வீட்டுக்கு," என்றேன்.